வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களின் பி.எஃப்., பென்ஷன்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி, பல்லடம் தறி, கோவை பம்ப் பட்டறை, கரூர் ஏற்றுமதி நிறுவனம் என்று சில வருஷம் வேலை பார்த்துவிட்டு துபாய், மலேசியா, ஜப்பான், ஜெர்மனி என்று கிளம்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. சட்டம் தெரியாமல் பணத்தை இழப்பவர்கள் குறைவு. ஒரு தேதி, ஒரு இனிஷியல், ஒரு சிம் கார்டு, இவற்றால் இழப்பவர்கள்தான் அதிகம். அதனால் அந்தச் சின்ன விஷயங்களுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

பனியன் கம்பெனியில 6 வருஷமா பி.எஃப். பிடிச்சிருக்காங்க. துபாய் போறேன். மொத்தத்தையும் எடுத்துடலாமுங்களா?

முதலில் அது ஒரே பணம் இல்லை, இரண்டு கணக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். கம்பெனியும் 1,800 ரூபாய் போடுகிறது. கம்பெனி போடுவதில் 8.33 சதவீதமான 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 550 ரூபாய்தான் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய் பி.எஃப்., 1,250 ரூபாய் பென்ஷன்.

பி.எஃப். கணக்கில் இருப்பது உங்கள் சேமிப்பு, வட்டி ஏறும் (2024-25-க்கு 8.25 சதவீதம்). பென்ஷன் கணக்கு அப்படி இல்லை. அதில் வட்டி ஏறாது, உங்கள் சேவை வருஷங்கள் ஏறும். அவசரத்துக்கு பி.எஃப். பணத்தை எடுப்பது உங்கள் சௌகரியம். பென்ஷன் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

வெளிநாட்டில் வேலைக்குப் போவதற்காகப் பணத்தை முழுதாக எடுக்க 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 69-ஆம் பத்தியிலேயே வழி இருக்கிறது. அதைச் சொல்லாமல் 'வேலையை விட்டுவிட்டேன்' என்று மட்டும் காரணம் காட்டினால் காத்திருப்புக் காலம் குறுக்கே வரும். அந்தக் காலத்தை பி.எஃப்.-க்கு 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் தொகைக்கு 36 மாதமாகவும் உயர்த்த 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அதனால் படிவத்தில் காரணத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். விசா, வேலை ஒப்பந்தம் இரண்டின் நகலையும் கைவசம் வையுங்கள்.

தொடர்ச்சியாக 5 வருஷம் முடியும் முன் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பான் எண் இணைக்கப்பட்டிருந்தால் 10 சதவீதம். முந்தைய கம்பெனியின் கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த வருஷங்களும் இந்த 5-இல் சேரும். மாற்றாமல் விட்டவர்கள் முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு எடுங்கள்.

பென்ஷனை எடுக்காம விட்டா என்னங்க கிடைக்கும்?

குறைந்தது 10 வருஷ சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும்.

திருப்பூரில் 6 வருஷம், பிறகு வளைகுடாவில் 8 வருஷம், ஊர் திரும்பி அவினாசியில் ஒரு மில்லில் 5 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 6 வருஷத்தை எடுத்துவிட்டிருந்தால் கையில் இருப்பது 5 வருஷம்தான், பென்ஷன் இல்லை. எடுக்காமல் இருந்தால் 11 வருஷம். 15,000 பெருக்கல் 11, வகுத்தல் 70: மாதம் 2,357 ரூபாய். பெரிய தொகை என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆயுள் முழுவதும் வரும், அதன்பின் மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு. 6 வருஷத்துக்குக் கையில் கிடைக்கும் மொத்தத் தொகை, டிக்கெட், ஏஜெண்ட் கமிஷன் என்று கிளம்புகிற மாதமே கரைந்துவிடும்.

எடுக்காமல் வைக்க என்ன செய்ய வேண்டும்? படிவம் 10சி-யில் பணம் கேட்காமல், 'திட்டச் சான்றிதழ்' கேளுங்கள். அதில் உங்கள் சேவைக் காலமும் குடும்பத்தார் பெயரும் இருக்கும். திரும்பி வந்து சேரும் கம்பெனியில் அதை ஒப்படைத்தால் பழைய வருஷம் புதியதோடு சேரும். அரை வருஷமோ அதற்கு மேலோ இருந்தால் முழு வருஷமாகக் கணக்கிடுவார்கள். அதனால் 9 வருஷம் 6 மாதம் ஆனவருக்கு அது 10 வருஷம்தான். 9 வருஷம் 4 மாதத்தில் விசா வந்திருக்கிறது என்றால், இன்னும் இரண்டு மாதம் தள்ளிக் கிளம்ப முடியுமா என்று பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்ந்து, சேரும்போதே சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் உங்களுக்குப் பென்ஷன் கணக்கே கிடையாது. பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷனுக்கான கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

கிளம்பறதுக்கு முன்னால என்னென்ன முடிச்சு வைக்கணுமுங்க?

விலகிய தேதிதான் முதல் வேலை. கம்பெனி அதைப் பதிவு செய்யாவிட்டால், பணம் எடுக்கவோ கணக்கை மாற்றவோ விண்ணப்பமே போகாது. கடைசிப் பணம் கட்டி 2 மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே 'மார்க் எக்ஸிட்' கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஆதார் எண்ணோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊரில் வைத்துவிட்டுப் போன சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். ஆதாரில் எண்ணை மாற்ற நேரில் வர வேண்டியிருக்கலாம். அதற்காக விமான டிக்கெட் போடுவதைவிட, குறைந்தபட்ச ரீசார்ஜில் சிம்மை உயிரோடு வைப்பது எத்தனையோ மலிவு. வீட்டுப் போனில் போட்டு வைத்துவிட்டுப் போனாலும் போதும்.

இரண்டாவது பெயர். நம் ஊரில் இனிஷியல்தான் வழக்கம். ஆதாரில் 'பி. குமரேசன்', பி.எஃப்.-இல் 'குமரேசன்', பாஸ்போர்ட்டில் 'குமரேசன் பழனிசாமி' என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதார், பான், வங்கி, பி.எஃப். நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள். பி.எஃப். பதிவில் திருத்தத்துக்குக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம். கணக்குப் பிள்ளை உங்களை முகம் பார்த்து அடையாளம் தெரிந்திருக்கும்போதே முடிப்பது சுலபம். மூணு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி வேறு பெயரில் வேறு சந்துக்குப் போயிருக்கலாம்.

மூன்றாவது, இ-நாமினேஷன், அதாவது உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று ஆன்லைனில் பதிவது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால், கல்யாணத்துக்குப் பின் மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவது கிராஜுவிட்டி (பணிக்கொடை). 5 வருஷம் முடித்தவர்களில் பலர் இதைக் கேட்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 6 வருஷத்தால் பெருக்குங்கள்: சுமார் 51,900 ரூபாய். இது பி.எஃப். இல்லை, கம்பெனி நேரடியாகத் தர வேண்டியது. எழுத்தில் கேளுங்கள்.

எந்தெந்த நாட்டோட இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்குதுங்க?

இரண்டு நாட்டிலும் பென்ஷனுக்குப் பிடிப்பதைத் தவிர்க்கவும், இரு நாட்டுச் சேவையையும் தகுதிக்குச் சேர்க்கவும் செய்துகொள்வது சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். அது நடைமுறையில் உள்ள நாடுகள்: பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லக்ஸம்பர்க், டென்மார்க், பிரான்ஸ், தென் கொரியா, நெதர்லாந்து, ஹங்கேரி, பின்லாந்து, ஸ்வீடன், செக் குடியரசு, நார்வே, ஆஸ்திரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், போர்ச்சுகல், பிரேசில். வளைகுடாவில் ஒரு நாடும் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவும் இல்லை.

கோவை கம்பெனியே என்னை ஜெர்மனிக்கு 2 வருஷம் அனுப்புது. ரெண்டு பக்கமும் பிடிப்பாங்களா?

பிடிக்கத் தேவையில்லை. இங்கேயே பி.எஃப். தொடர்கிறது என்பதற்கு பி.எஃப். நிறுவனத்திடம் ஒரு காப்புறுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜெர்மனியில் பென்ஷன் பங்களிப்பு 18.6 சதவீதம், பாதி தொழிலாளி, பாதி நிறுவனம். சான்றிதழ் இருந்தால் இரண்டு பாதியும் மிச்சம். ஜெர்மனிக்கு 48 மாதம், ஜப்பானுக்கு 60 மாதம் என்று நாட்டுக்கு நாடு வரம்பு மாறும். கம்பெனி மூலம் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வேலை தொடங்கும் தேதிக்கு முன்பே கையில் இருப்பது நல்லது. வந்து சேராத சான்றிதழை நம்பி அங்குள்ள சம்பளப் பிரிவு பிடித்தம் செய்யாமல் இருக்காது. பிடித்ததைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அங்குள்ள நிறுவனத்தில் நீங்களே நேரடியாகச் சேர்ந்தால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. நர்ஸ், சமையல்காரர், வெல்டர் என்று போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

ஜப்பான்ல 3 வருஷம் வேலை. சம்பளத்துல 'நென்கின்'னு பெருசாப் பிடிக்கறாங்க. அது போச்சுங்களா?

போகாது. ஆனால் கேட்டால்தான் வரும். 'நென்கின்' என்றால் ஜப்பான் பென்ஷன். கம்பெனி ஊழியர்களுக்கு 'கோசெய் நென்கின்' மொத்தம் 18.3 சதவீதம், உங்கள் பங்கு 9.15. ஜப்பானை விட்டு வந்தபின் 'தத்தாய் இச்சிஜிகின்' என்ற மொத்தத் தொகையைக் கேட்கலாம். குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும், ஜப்பானில் முகவரிப் பதிவு நீங்கியிருக்க வேண்டும், நீங்கிய 2 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சராசரி மாதச் சம்பளத்தை ஒரு எண்ணால் பெருக்கித் தருவார்கள். அந்த எண் 6 மாதத்துக்கு ஒரு படி ஏறும்: 24 மாதத்துக்கு 2.2, 30-க்கு 2.7, 36-க்கு 3.3, 48-க்கு 4.4, 60-க்கு 5.5. 60 மாதத்துக்கு மேல் கட்டியதற்கு இப்போது எதுவும் சேராது. (இந்த உச்சவரம்பை 8 வருஷமாக்க 2025-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.) சராசரி 2,00,000 யென் என்றால் 36 மாதத்துக்கு 6,60,000 யென். 35 மாதத்துக்கு 5,40,000 யென்தான். ஒரு மாதத்தில் 1,20,000 யென் வித்தியாசம்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வேலையை விட்ட மறுநாள்தான் காப்பீடு முடிகிறது. முடிகிற அந்த மாதம் கணக்கில் வராது. மார்ச் 31-இல் விலகினால் காப்பீடு ஏப்ரல் 1-இல் முடியும், மார்ச் சேரும். மார்ச் 30-இல் விலகினால் 31-இல் முடிந்து மார்ச் மாதமே போய்விடும். டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று ஒரு நாள் முன்னதாக விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். மாதக் கடைசித் தேதியைத்தான் விலகல் தேதியாக எழுதித் தர வேண்டும்.

இந்தத் தொகையில் 20.42 சதவீதம் வரி பிடித்துத்தான் அனுப்புவார்கள்: 6,60,000-இல் 1,34,772 யென். இதையும் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக, கிளம்பும் முன்பே உங்கள் பகுதி வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டு வர வேண்டும். நம்பகமான நண்பரோ அதே கம்பெனியில் வேலை செய்பவரோ போதும். பணம் வந்ததும் தபாலில் வரும் தொகை அறிவிப்பின் அசலை அவருக்கு அனுப்பினால், அவர் கணக்குத் தாக்கல் செய்து வாங்குவார்.

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: 10 இலக்க அடிப்படைப் பென்ஷன் எண், பாஸ்போர்ட் நகல், முகவரிப் பதிவு நீக்கியதற்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம். வங்கிப் பக்கத்தில் பெயர் ஆங்கில எழுத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டிலிருந்து பணம் வருவதற்கான வங்கி அடையாளக் குறி), கிளை முகவரி இரண்டும் வேண்டும். ஊரிலுள்ள சிறு கிளைக்கு ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. கோவையிலோ ஈரோட்டிலோ உள்ள பெரிய கிளையின் குறியீட்டை வங்கியிலேயே எழுதி முத்திரை வாங்குங்கள். இனிஷியலோடு இருக்கும் பாஸ்புக்கை அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

மறுபடி ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். இந்தத் தொகையை வாங்கியதும் அதுவரை கட்டிய மாதங்கள் எல்லாம் அழிந்துவிடும். ஜப்பானில் பென்ஷனுக்கு 10 வருஷம் வேண்டும். 2016 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி இந்தியாவில் பி.எஃப். கட்டிய காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் பணத்தை எடுத்துவிட்டால் சேர்க்க ஒன்றும் இருக்காது.

ஜெர்மனியில நர்ஸா இருந்துட்டுத் திரும்பினா?

60 மாதம் கட்டியிருந்தால் அங்கே பென்ஷனுக்கு உரிமை வருகிறது. ஒப்பந்தம் இருப்பதால் இந்தியச் சேவையும் தகுதிக்கு உதவும். அதற்குக் குறைவாக இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டால், 24 மாதம் கழித்துத் திரும்பக் கேட்கலாம். உங்கள் பாதி மட்டுமே வரும். வட்டி கிடையாது.

துபாய், சவுதியில பென்ஷன் உண்டுங்களா?

வெளிநாட்டவருக்குப் பென்ஷன் இல்லை, பணிமுடிவுத் தொகைதான். அமீரகத்தில் ஒரு வருஷம் முடித்திருந்தால், முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் வருஷம் 30 நாள். அடிப்படை 1,500 திர்ஹம் என்றால் நாளுக்கு 50. 7 வருஷத்துக்கு 5,250-உம் 3,000-உம் சேர்ந்து 8,250 திர்ஹம். 14 நாளுக்குள் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்தாலும் இப்போது குறைக்க முடியாது. சம்பளம் இல்லாத லீவு நாட்கள் கணக்கில் வராது.

இங்கே ஏமாற்றம் வரும் இடம் ஒப்பந்தத்தாளில் இருக்கிறது. 'சம்பளம் 2,500' என்று ஏஜெண்ட் சொல்வார். தாளில் அடிப்படை 1,000, மீதி தங்குமிடம், போக்குவரத்து என்று பிரித்திருப்பார்கள். பணிமுடிவுத் தொகை அந்த 1,000-க்குத்தான். கையெழுத்துப் போடும் முன் அடிப்படை என்று எழுதிய வரியைத் தேடிப் பாருங்கள்.

சவுதியில் முதல் 5 வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். ஆனால் நீங்களே விலகினால் 2 வருஷத்துக்குள் ஒன்றும் இல்லை, 2 முதல் 5 வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 வரை மூன்றில் இரண்டு பங்கு, 10-க்கு மேல்தான் முழுதும்.

சிங்கப்பூர், மலேசியா?

சிங்கப்பூரில் சி.பி.எஃப். (அந்த ஊர் பி.எஃப்.) குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ்காரர்களுக்கு இல்லை. மலேசியாவில் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இ.பி.எஃப். (அங்குள்ள பி.எஃப்.) கட்டாயம்: உங்களிடம் 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. உணவகங்களில் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டில் இது இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் தெரிய, உறுப்பினர் எண் வாங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதே வழி.

ஊர்ல இருக்கற மாதிரி நானே பி.எஃப். கட்ட முடியாதுங்களா?

முதலாளி இல்லாமல் பி.எஃப். கட்ட முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கவும் முடியாது, ஏற்கெனவே உள்ளதை 15 வருஷம் முடியும்வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. ஆகவே கிளம்பும் முன் பி.பி.எஃப். தொடங்கிவிடுவது நல்ல யோசனை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு (இரண்டும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வழியாகச் சேரலாம்.

திருச்செங்கோட்டு ரிக் (போர்வெல் தோண்டும்) வண்டிகளோடு ஆப்பிரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: சம்பளம் எந்தக் கணக்கில், இங்குள்ள நிறுவனத்திலா, அங்குள்ளதிலா? இங்கே என்றால் பி.எஃப். நிற்கக் கூடாது.

நம்ம கம்பெனியில நேபாளத்துக்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு?

1950-ஆம் ஆண்டு நட்புறவு ஒப்பந்தத்தால் நேபாளத் தொழிலாளி பி.எஃப். விஷயத்தில் இந்தியத் தொழிலாளியாகவே கருதப்படுகிறார். அதே 12 சதவீதம், அதே 15,000 வரம்பு. பூடான்காரருக்கும் அப்படியே. ஆதார் இல்லை என்பதால் இவர்களுக்கு பி.எஃப். போடாமல் விடுவது தவறு. 2024 நவம்பரில் இவர்களுக்கு ஆதார் இணைப்பிலிருந்து விலக்கு தரப்பட்டது.

சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத மற்ற நாட்டுக்காரர், உதாரணமாக இத்தாலியிலிருந்து வந்து நிட்டிங் மெஷின் பிரிவைப் பார்ப்பவர் என்றால், 2008 அக்டோபர் முதல் உள்ள விதிப்படி வரம்பே இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்ட வேண்டும். எடுப்பது பெரும்பாலும் 58 வயதில்தான். இந்த விதியை கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்றது. இப்படிப்பட்டவரை வேலைக்கு எடுக்கும் முன் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்தாச்சு. பி.எஃப். விண்ணப்பத்தை ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. என்ன பண்றதுங்க?

நிராகரித்த காரணம் உறுப்பினர் தளத்திலேயே இருக்கும். பெரும்பாலும் பெயர் பொருந்தவில்லை, விலகிய தேதி இல்லை, வங்கிக் கணக்கு மூடப்பட்டது, இந்த மூன்றில் ஒன்று. காரணத்தைத் திருத்தாமல் அதே விண்ணப்பத்தை மறுபடி போட்டால் மறுபடியும் தள்ளத்தான் செய்வார்கள். பழைய வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ.-வாக மாற்றியிருந்தால் புதிய விவரத்தை முதலில் இணையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். நிறுவனத்தின் புகார் தளத்தில் புகார் பதியுங்கள். பதிவு எண் கிடைக்கும். மாவட்டந்தோறும் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. பாஸ்போர்ட், ஆதார், பான், பாஸ்புக், நிராகரிப்புப் பக்கத்தின் அச்சு, கம்பெனியின் பழைய சம்பளச் சீட்டு ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.